எட்டு இருந்தாலும் மூன்றரை வேண்டும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன். ஜவுளி மொத்தக் கடை ஒன்றுக்கு ஹார்டுவேர் பார்த்துக் கொடுக்கும் பையன். பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டு, அன்றுதான் புதியது வந்து இறங்கியிருக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேரை எடுத்துப் போட்டால் திறக்கவில்லை. அது டாட்நெட்டில் எழுதியது. டாட்நெட் என்பது மைக்ரோசாஃப்ட் தருகிற அடித்தளம்; அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் அதில் எழுதிய புரோகிராம் சாதாரணமாக ஓடாது.

“அண்ணா, டாட்நெட் 8 போட்டுட்டனுங்க. 4.8-ம் போட்டுட்டனுங்க. அப்பவும் டாட்நெட் வேணும்னே கேக்குதுங்க.”

“எந்த டாட்நெட் வேணும்னு கேக்குது தம்பி?”

“அதானுங்ணா, டாட்நெட்டு.”

“பக்கத்துல ஒரு நம்பர் போட்டிருக்குமே, அதைப் படி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மூணரைங்ணா. ஆனா நம்மகிட்ட அதைவிடப் பெரிசே இருக்குதுங்களே?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மாதம் முன்பு வேறொரு கடையில் இதே பிரச்சினை. ‘விண்டோஸே கெட்டுப்போச்சு’ என்று அவர்களாக முடிவுகட்டி சி டிரைவை ஃபார்மட் அடித்துவிட்டார்கள். பில் டேட்டா மொத்தமும் அதே டிரைவில், ஒரே ஒரு ஆக்சஸ் ஃபைலில் இருந்தது. கடைசி பேக்கப் பதினொரு நாள் பழசு. அந்தப் பதினொரு நாள் பில்லையும் இரண்டு பேர் உட்கார்ந்து கார்பன் காப்பியைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். அந்த கம்ப்யூட்டருக்கு உண்மையில் தேவைப்பட்டது விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஒரு டிக்.

பெரிய நம்பர் இருந்தால் சின்ன நம்பரும் அதற்குள் அடக்கம் என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் வேர். நினைப்பதில் தப்பும் இல்லை. புது எக்ஸெல் பழைய ஃபைலைத் திறக்கிறது, புது போன் பழைய சிம்மை ஏற்கிறது. டாட்நெட் அப்படி இல்லை. ஒரே வீட்டுப் பெயர், மூன்று தனி அடுப்பு. அண்ணன் தம்பிகள்தான், ஆனால் பாகம் பிரித்தாகிவிட்டது. ஒருவன் உலையில் வேகிற சோறு இன்னொருவன் இலைக்கு வராது.

மூத்தவன் 2005-ல் வந்த 2.0. 2006-ல் 3.0, 2007-ல் 3.5 என்று வந்தாலும் உள்ளே ஓடுகிற இன்ஜின் அதே 2.0 தான். அதனால் 3.5 போட்டால் 2.0, 3.0 இரண்டும் கூடவே வந்துவிடும். நடுவன் 2010-ல் வந்த 4.0. அவன் வரிசை 4.5, 4.6, 4.7 என்று போய், 2019-ல் 4.8, 2022-ல் 4.8.1 என்று நின்றது. இளையவன் 2016-ல் ‘கோர்’ என்ற பெயரில் பிறந்தான். கோர் 3.1 வரை வந்தபின் நான்கைத் தாண்டி 2020-ல் நேராக 5 என்று வைத்தார்கள், ‘கோர்’ என்ற பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். பழைய 4-ஆம் வரிசையோடு குழம்பக் கூடாதென்றுதான் நான்கை விட்டது. இப்போது ஊர் முழுக்க 4.8-ம் 8-ம் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல ஏற்பாடு!

இதில் இன்னொரு கூத்து, மூன்று வீட்டிலும் மூன்று வழக்கம். நடுவன் வீட்டில் புதியது வந்தால் பழையதன் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். 4.0-வுக்கு எழுதியது பெரும்பாலும் 4.8-ல் ஓடிவிடும், 4.0-ஐத் தேடி இறக்கவே வேண்டாம், இறக்கினாலும் ‘ஏற்கனவே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பும். இளையவன் வீட்டில் 6, 8, 10 எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி அறை. 6-க்கு எழுதிய புரோகிராம் 8 மட்டும் இருக்கிற கம்ப்யூட்டரில், நாமாக அனுமதி எழுதி வைக்காதவரை, ஓடாது. ஆக, 4.8.1-ம் 8-ம் 10-ம் இருந்தாலும் 3.5-க்கு எழுதிய புரோகிராம் 3.5-ஐத்தான் கேட்கும். கன்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்து 3.5 புரோகிராமை 4-ஆம் இன்ஜினில் ஓட வைக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கும் தெரியும். அதை முழுசாகச் சோதித்துப் பார்த்து எழுதினவர் செய்ய வேண்டும். கடை கவுண்டரில் நின்றுகொண்டு வேறு யாரும் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 10-லும், நான் இதுவரை கையாண்ட விண்டோஸ் 11-லும், 3.5-ஐ எங்கும் போய் டவுன்லோட் செய்யத் தேவையில்லை. கன்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ திறந்து முதல் வரியில் டிக் அடித்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். நெட் இல்லாத இடத்தில் விண்டோஸ் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் போடத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) திறந்து, ‘சோர்ஸஸ்’ போல்டருக்குள் இருக்கிற ‘எஸ்எக்ஸ்எஸ்’ போல்டரைக் காட்டி டிஸ்ம் (விண்டோஸின் பாகங்களைச் சேர்க்கிற கருவி) கட்டளை கொடுக்க வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். பென்டிரைவில் இருக்கிற ஐஎஸ்ஓவும் கம்ப்யூட்டரில் இருக்கிற விண்டோஸும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். போன வருஷத்து ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு ‘சோர்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை’ என்று பத்து தடவை வாங்கிவிட்டு, பதினோராவது தடவை எனக்கு போன். பெரிய கம்பெனி நெட்வொர்க்காக இருந்தால் அப்டேட் எல்லாம் அவர்கள் சர்வர் வழியாகத்தான் வரும். அங்கே அவர்கள் ஐடி ஆளிடம் சொல்லாமல் தலைகீழாக நின்றாலும் இறங்காது.

அடுத்தது எக்ஸ்இ ஃபைலை மட்டும் காப்பி அடிக்கிற பழக்கம். அதற்குப் பக்கத்தில் அதே பெயரில், பின்னால் ‘கன்ஃபிக்’ என்று முடிகிற சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். ‘இது எதுக்கு’ என்று விட்டுவிடுவார்கள். எனக்கு எந்த வெர்ஷன் வேண்டும் என்று புரோகிராம் விண்டோஸிடம் சொல்வது அதில்தான். அது இருந்தால் ‘4.8 வேண்டும்’ என்று வாசலிலேயே நின்று கேட்கும். இல்லாவிட்டால் 4.5 மட்டும் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் பாட்டுக்குத் திறந்து, நாலு பில் போட்டு, ஐந்தாவது பில்லில் ஏதோ ஒரு புது வசதியைத் தொடும்போது விழலாம். புரோகிராம் துணைக்குக் கூப்பிடுகிற டிஎல்எல் ஃபைல்களின் பதிப்புகளைப் பொருத்தி வைக்கிற வரிகளும் அதே ஃபைலில்தான். மேனிஃபெஸ்ட் (டிஎல்எல்லுக்குள் இருக்கிற விவரச்சீட்டு) பொருந்தவில்லை என்று ஜேசன் டிஎல்எல் பெயரைச் சொல்லி அழுகிற பிழைகளில் பாதி இப்படி வந்தவை. தயவுசெய்து போல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள்.

இன்ஸ்டால் ஆகியிருப்பது வேறு, எதற்கென்று எழுதப்பட்டது வேறு. இது புரோகிராம் எழுதுகிற தம்பிகளுக்கே பிடிபடுவதில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களும் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்று ஆனபோது, அதுவரை நெட்டையே தொடாத பழைய பில்லிங் சாஃப்ட்வேர்கள் திடீரென்று வெளியே பேச வேண்டி வந்தது. ‘செக்யூர் சானல் உருவாக்க முடியவில்லை’ என்று ஒரு பிழை. கம்ப்யூட்டரில் 4.8 இருக்கிறதே என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். இருந்து என்ன? 4.0-வுக்கு என்று கம்பைல் செய்த, அதாவது ஓடுகிற ஃபைலாக மாற்றிய புரோகிராம், 4.8 இருக்கிற இடத்திலும் பழைய பழக்கப்படிதான் நடந்துகொள்ளும். தனியாக எடுத்துச் சொன்னாலொழிய, நெட்டில் பாதுகாப்பாகப் பேசுகிற டிஎல்எஸ் முறையின் 1.2 பதிப்புக்குப் போகாது. புராஜெக்ட்டை 4.8-க்கு மாற்றி மறுபடி கம்பைல் செய்ததும் முக்கால்வாசி இடத்தில் தீர்ந்தது. டிஎல்எஸ் 1.2-ஐக் குறிக்கிற 3072 என்ற எண்ணை ஒரு வரியில் திணித்துச் சமாளித்தவர்களும் உண்டு. நானும் ஒரு ராத்திரி அப்படிச் செய்திருக்கிறேன். பெருமைப்படும்படியான காரியமில்லை.

இளையவன் விஷயத்தில் எனக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். டவுன்லோட் பக்கத்தில் மூன்று ரன்டைம் (புரோகிராமை ஓட வைக்கிற பாகம்) இருக்கும். விண்டோ திறக்கிற புரோகிராமுக்கு வேண்டியது ‘டெஸ்க்டாப் ரன்டைம்’. வெறும் ‘ரன்டைம்’ போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தது, புரோகிராம் 32 பிட், போட்டது 64 பிட். பழைய ஆக்சஸ் டேட்டாவைத் திறக்கிற ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் இருக்கிறது என்பதால் நம் பக்கத்து பில்லிங் சாஃப்ட்வேர் நிறைய இன்னும் 32 பிட்டாகவே ஓடுகிறது. பிழைப் பெட்டியில் எக்ஸ்86 என்றா, எக்ஸ்64 என்றா போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். இரண்டையும் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம். ‘அப்கிரேட் பண்ணிட்டேன், கம்பைல் ஆயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டு டெலிவரிக்குப் போகாதீர்கள். 4.8-ல் இருந்த என் சொந்த புரோகிராம் ஒன்றை 8-க்கு மாற்றினேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. ஃபார்ம் எல்லாம் கொஞ்சம் வீங்கி, லேபிள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன; கோர் 3.0-விலிருந்து டீஃபால்ட் ஃபான்ட்டை மாற்றிவிட்டார்கள், அது தெரிந்த விஷயம், ஒரு வரியில் பழைய ஃபான்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்குக் கொண்டுபோய் முதல் பில் போட்டால், பில்லின் தலையில், கடைப் பெயருக்கு முன்னால் இரட்டைக் கோடு ஒன்று நட்டுக்குத்தாக நிற்கிறது. அடுத்த பில்லிலும் அதே கோடு. பிரிண்டர் ஹெட் போச்சு என்றார் கடைக்காரர். நானும் பேப்பர் ரோலை மாற்றி, கேபிளை மாற்றி, அரை மணி நேரம் அசடு வழிந்தேன்.

காரணம் கல்லாப்பெட்டி. தெர்மல் பிரிண்டர் வழியாகப் பெட்டியைத் திறக்க 27, 112, 0, 25, 250 என்று ஐந்து பைட் அனுப்ப வேண்டும். அதைப் பல வருஷம் முன்பு சோம்பேறித்தனமாக ஒரு ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) எழுதி, ‘என்கோடிங் டீஃபால்ட்’ வழியாக பைட்டாக்கி இருந்தேன். பழைய 4.8-ல் டீஃபால்ட் என்றால் விண்டோஸின் கோட் பேஜ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணை. 250 ஒரே பைட்டாகப் போகும். புதியதில் டீஃபால்ட் என்றால் யுடிஎஃப்-8 என்ற வேறு முறை. 127-க்கு மேலே எது போனாலும் ஒரே பைட்டில் அடங்காது. 250 என்பது 195, 186 என்று இரண்டாகப் பிளந்தது. 195-ஐ பிரிண்டர் கட்டளையின் கடைசி பைட்டாக விழுங்கிக்கொண்டு பெட்டியை ஒழுங்காகத் திறந்துவிட்டது. மிச்சமிருந்த 186-ஐ எழுத்தென்று நினைத்து அச்சடித்தது. அந்த பிரிண்டரின் எழுத்து அட்டவணையில் 186 என்றால் இரட்டைச் செங்குத்துக் கோடு. பிழைப் பெட்டி வரவில்லை, புரோகிராம் நிற்கவில்லை, பெட்டியும் திறக்கிறது. கட்டளையை பைட் வரிசையாக மாற்றியதும் கோடு போனது. கம்பைலர் இதையெல்லாம் சொல்லாது. பிரிண்டர், தராசு, பார்கோடு, கைரேகைக் கருவி, எது வெளியே மாட்டியிருக்கிறதோ அதை வைத்துச் சோதிக்காமல் வெர்ஷனை மாற்றாதீர்கள்.

புரோகிராம் எழுதுகிற விஷுவல் ஸ்டூடியோ 2022-ல் பழைய 4.0 அல்லது 4.5 புராஜெக்ட்டைத் திறந்தால் ‘4.8-க்கு மாற்றவா’ என்று கேட்கும். கை பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டு, அதை விண்டோஸ் 7 வைத்திருக்கிற வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 7 எஸ்பி1-ல் 4.8 ஏறும், 4.8.1 ஏறாது. எக்ஸ்பி 4.0-வோடு நின்றுவிடும். எக்ஸ்பி இன்னுமா என்று சிரிக்காதீர்கள், எடைமேடைக்குப் போய்ப் பாருங்கள்.

புதியதுக்கு மாற்றினால்தான் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு உண்டு. தேதியைப் பாருங்கள். 2007-ல் வந்த 3.5-க்கு 2029 ஜனவரி 9 வரை மைக்ரோசாஃப்ட் ஆதரவு உண்டு. 2023-ல் வந்த 8-க்கு 2026 நவம்பர் 10 வரைதான். 6-க்கு 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. மாறவே கூடாது என்று சொல்லவில்லை. இளையவனிடம் போனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாற வேண்டும், அதற்குக் காசும் நேரமும் ஒதுக்கிவிட்டுப் போங்கள். போகிறவர்கள், ரன்டைமையும் புரோகிராமோடு சேர்த்துக் கட்டித் தரும் வழியைப் பாருங்கள். ஃபைல் பெரிசாகும், ரன்டைமுக்கான பாதுகாப்பு அப்டேட்டையும் நீங்களே மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். ஆனால் ராத்திரி ஏழு மணி போன் வராது.

டிஎல்எல் காணோம் என்றால் அந்தப் பெயரை கூகுளில் போட்டு, முதலில் வருகிற ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி சிஸ்டம்32-ல் போடுகிறவர்களுக்கு: வேண்டாம். அது என்னவென்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் எந்த 4 இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் போல்டர் பெயரைப் பார்க்காதீர்கள், 4.0-வுக்கும் 4.8-க்கும் அந்தப் பெயர் ஒன்றேதான். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள்: 461808 அல்லது மேலே என்றால் 4.7.2, 528040 அல்லது மேலே என்றால் 4.8, 533320 அல்லது மேலே என்றால் 4.8.1. போன் செய்வதற்கு முன் பிழைப் பெட்டியை ‘டீடெய்ல்ஸ்’ அழுத்தி முழுசாகத் திறந்து, வெட்டாமல் ஒரு போட்டோ. ‘ஏதோ எரர் வருது’ என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். அவன் பென்டிரைவில் இருந்தது பழைய ஐஎஸ்ஓ. அதைத் தூக்கி வைக்கச் சொல்லி, அவன் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போட்டு டிக் அடிக்க வைத்தேன். எட்டரைக்கு முதல் பில் வந்துவிட்டது. போனை வைக்கப் போகிறேன், கேட்கிறான்:

“அப்ப அந்த எட்டை எடுத்துடலாமுங்களா, சும்மாதான இருக்குது?”

“எதையும் தொடாதே தம்பி. ஒரு பென்டிரைவ் எடு, முதல்ல டேட்டாவை பேக்கப் போடு.”