டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள்

"எடை தூக்கும்போதா இடுப்பு பிடித்துக்கொண்டது?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். பயிற்சியெல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. டம்பெல்லைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போதுதான்..."

இந்த மாதம் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். இவருக்கு முன்னால் வந்தவர் சோஃபாவுக்குப் பின்னாலிருந்து மடக்கு பெஞ்சை உருவி எடுத்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தியவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கெட்டில்பெல்லை, அதாவது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை, ஒற்றைக் கையால் இறக்கப் பார்த்து, இப்போது தோளைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் கால் கட்டை விரல் நகம் போய் வந்தார். நான்கு பேரும் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்கள், நான்கு பேருக்கும் வீடு சின்னது. வாங்குவதற்கு முன்னால் நான்கு பேரும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "இது எவ்வளவு இடத்தை அடைக்கும்?"

பிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு எரிச்சல் மூட்டும் கேள்வி அது. கருவி எவ்வளவு இடத்தை அடைத்தால் என்ன? அதைப் பிடித்துக்கொண்டு அசையப் போகிற நீங்கள் எவ்வளவு இடத்தை அடைப்பீர்கள் என்பதல்லவா கேள்வி?

கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டம்பெல்லின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது தரையில் சும்மா கிடக்கும்போது உள்ள அளவு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் அதைக் கையில் பிடித்து, மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் என்ன ஆகும்? விரித்த கைகளின் அகலம் ஏறக்குறைய நம் உயரமே இருக்கும். அதோடு இரண்டு பக்கமும் டம்பெல் வட்டின் பருமனையும் இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர். அவரே எழுந்து நின்று தலைக்கு மேல் தூக்கினால் முஷ்டி சுமார் 2 மீட்டர் உயரத்துக்குப் போகும், டம்பெல் அதற்கும் மேலே நிற்கும். அங்கே மின்விசிறியோ விளக்கோ தொங்குகிறதா என்று கருவி வாங்குவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கும் 'லஞ்ச்' பயிற்சிக்கு ஒரு பெரிய எட்டு முன்னால் வைக்க வேண்டும், தடுமாறினால் இன்னும் ஓர் எட்டு வேண்டும். எடை கைநழுவினால் அது விழவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் கண்ணாடி மேசை இருக்கக் கூடாது, தவழும் குழந்தையும் இருக்கக் கூடாது.

"மடக்கி வைத்தால் இடமே தெரியாது" என்று விளம்பரம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் மடக்கி வைத்த கருவியில் யாரும் பயிற்சி செய்வதில்லையே!

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பயிற்சி செய்யப் போகிற இடத்தில் படுத்துக் கையைக் காலை விரியுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு சாக்பீஸால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். எழுந்து முன்னால் ஓர் எட்டு, பின்னால் ஓர் எட்டு வையுங்கள், அதையும் கோட்டுக்குள் சேருங்கள். அப்புறம் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் நீட்டிப் பாருங்கள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் கிடைத்தால் பெரும்பாலான பயிற்சிகளுக்கு அது போதும். மேலே உயரம் போதாவிட்டால் உட்கார்ந்தோ முட்டிபோட்டோ செய்துகொள்ளலாம், அதற்காக வீடு மாற வேண்டியதில்லை. கட்டிலைத் தள்ளினால்தான் இந்த இடம் கிடைக்கும் என்றால், வாரம் மூன்று நாள் கட்டிலைத் தள்ளுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் தள்ளுவீர்கள், எனக்குத் தெரியும்.

சரி, எடுத்து வைக்கும் இடத்துக்கு வருவோம். வாரம் மூன்று நாள், இரண்டு டம்பெல், வெளியே எடுக்க ஒரு தடவை, உள்ளே வைக்க ஒரு தடவை. வாரத்துக்கு 12 தடவை, வருடத்துக்கு 624 தடவை. கட்டிலுக்கு அடியில் என்றால் இந்த 624 தடவையும் குனிந்து, உடம்பை ஒரு பக்கம் முறுக்கி, கையை எட்டி நீட்டித்தான் இழுப்பீர்கள். பயிற்சியின்போது முதுகு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், இந்த இழுப்பை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. பயிற்சி முடிந்து தசை களைத்துப்போன நேரத்தில் வேறு இதைச் செய்கிறார்கள். இடுப்பு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டுமா?

பயிற்சி செய்கிற இடத்திலேயே, சுவரோரமாக, கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். முழங்கால் உயரத்துக்கு அசையாத ஒரு ஸ்டாண்டு இருந்தால் நல்லது. குழந்தைகள் உள்ள வீடு என்றால் ஸ்டாண்டும் வேண்டாம், தரையிலேயே இருக்கட்டும். அறுகோண வடிவ டம்பெல்லாகப் பார்த்து வாங்கினால் உருளாது. அலமாரி மேல்தட்டு? தலைக்கு மேலே 16 கிலோ இரும்பை வைக்கும் யோசனை யாருக்குத் தோன்றியதோ, அவர் தயவுசெய்து இன்றைக்கே அதைக் கீழே இறக்கட்டும். இரண்டு கையாலும்.

இனி எதை வாங்குவது? சின்ன வீடு என்றதும் சின்ன எடை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வண்ண வண்ணமாக 1 கிலோ, 2 கிலோ ஜோடிகள் வாங்கி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். தோளுக்கு ஆரம்பத்தில் அது சரி. ஆனால் உங்கள் தொடைத் தசைகள் தினமும் உங்கள் முழு உடம்பையும் நாற்காலியிலிருந்து தூக்குகின்றன. அவற்றிடம் 2 கிலோவைக் கொடுத்தால் சட்டை கூட செய்யாது. இலேசான எடையிலும் தசை வளரும், இல்லை என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு முறைக்கு மேல் முடியாது என்ற அளவுக்குக் களைக்கும்வரை செய்தால் வளரும். 2 கிலோவை வைத்துக்கொண்டு கால் அந்த அளவுக்குக் களைக்க எத்தனை நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடை படிப்படியாகக் கூட வேண்டும். எங்கள் துறையில் இதை முறைப்படுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்டு வந்த வீரர்களைக் கனமான எடை தூக்க வைத்தார். ஓய்வே மருந்து என்று இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். பின்னால் உருவான அவருடைய முறையில், 10 முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, முதல் செட்டில், அதாவது முதல் சுற்றில், அதில் பாதி, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழு எடை. தசைக்குப் பலம் கூடக் கூட அந்த எடையும் கூடும். இத்தனை வருடம் கழித்தும் என் நோயாளிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பது இதன் பேரப்பிள்ளைகளைத்தான்.

ஆகவே இடம் குறைந்த வீட்டில் என் முதல் தேர்வு, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே ஒரு ஜோடி டம்பெல். வாங்கும்போது உச்ச எடையை மட்டும் பார்க்காதீர்கள், ஒவ்வொரு படியும் எவ்வளவு என்று பாருங்கள். 20 கிலோவிலிருந்து 22.5 கிலோவுக்குப் போவது எட்டில் ஒரு பங்கு ஏற்றம். 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது பாதி ஏற்றம்! அதே 2.5 கிலோதான், ஆனால் தோளுக்கு அது பெரிய தாவல். கீழ் எடைகளில் 1 கிலோ, ஒன்றரைக் கிலோ படிகள் உள்ளதைத் தேடுங்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. வட்டுகளைக் கோத்து நட் போட்டு இறுக்கும் பழைய வகை மெதுவானது, ஆனால் முரட்டுத்தனமாக உழைக்கும். செட்டுக்குச் செட்டு நட் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. குமிழைத் திருகியோ ஊசியைச் செருகியோ எடையை மாற்றும் வகை வேகமானது, ஆனால் உள்ளே நுட்பமான பூட்டு இருக்கிறது, கீழே போடவே கூடாது. 2025 ஜூனில் அமெரிக்காவில் குமிழ் வகை டம்பெல்கள் சுமார் 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. தூக்கும்போது வட்டுகள் கழன்று விழுந்ததுதான் காரணம். அதற்காக அந்த வகையே ஆகாது என்று சொல்ல மாட்டேன். டம்பெல்லை அதை வைக்கும் தட்டிலிருந்து எடுத்ததும் முகத்துக்கு மேலே கொண்டுபோகாமல், முதலில் தொடை உயரத்தில் பிடித்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு வினாடி வேலை. பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பெஞ்ச் கட்டாயமில்லை, ஆறு மாதம் தரையில் படுத்தே செய்யலாம். வாங்குவதானால் 'தாங்கும் எடை' என்று போட்டிருப்பதைச் சரியாகப் படியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் எடையும் கையில் உள்ள எடையும் சேர்த்தது. 75 கிலோ ஆள், கையில் 25 கிலோ இரண்டு, ஆக 125. 120 கிலோ தாங்கும் பெஞ்சில் இவர் படுக்கக் கூடாது.

பார்பெல் கேட்பவர்களுக்கு: முழு அளவுக் கம்பி 2.2 மீட்டர் நீளம், கம்பி மட்டுமே 20 கிலோ. இரண்டு முனையிலும் நின்று வட்டு மாட்ட இடம் வேண்டும். சின்ன அறையில் வேண்டாம். பல பயிற்சிகளை ஒரே சட்டத்தில் செய்யும் மல்டி ஜிம்? வேண்டாம். எடையைக் கூட்ட வழியில்லாத ஸ்பிரிங் சாமான், அதிரும் பெல்ட் இவற்றைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

கதவு நிலையில் மாட்டி, தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் கம்பியைப் பற்றித்தான் எனக்குப் பயம். இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து நிற்கும் வகை உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது. நிலைச்சட்டம் வழவழப்பாகப் பெயின்ட் அடித்ததாக இருந்தாலோ, கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தாலோ, நீங்கள் முதுகு கீழாக விழுவீர்கள். கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் வால் எலும்பு. தலை அடிபட்டால் என்னிடம் வர மாட்டீர்கள், வேறு துறைக்குப் போவீர்கள். சுவரில் போல்ட் போட்டு இறுக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், முதுகுக்கு, முன்னால் சாய்ந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் 'டம்பெல் ரோ' பயிற்சியே போதும்.

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்ட் இடம் குறைந்தவர்களுக்கு நல்ல துணை. நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியின் பச்சையாக இருக்கும். இழுக்க இழுக்கத்தான் கனம் கூடும், தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கதவில் மாட்டினால், நீங்கள் இழுக்கும் விசை கதவைத் திறக்காமல் நிலையோடு சேர்த்து மூடும்படியான பக்கத்தில் நில்லுங்கள், தாழும் போடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வெறும் பாதத்தில் மாட்டி முகத்தை நோக்கி இழுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நழுவினால் அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும், கண்ணுக்குள் ரத்தம் கட்டும் அளவுக்கு அடிக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் அது இல்லாத பேண்ட் கிடைக்கிறது.

தரை தாங்குமா என்று கேட்பார்கள். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுகிறார்கள். ஒரு ஜோடி டம்பெல் அதற்கு ஒன்றுமே இல்லை, கீழே போடுவதுதான் பிரச்சினை. டைல்ஸ் உடையும், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்கள். மெத்து மெத்தென்ற யோகா மேட்டில் கனமான எடையோடு நிற்காதீர்கள், கணுக்கால் ஆடும்.

மூச்சை அடக்கித் தூக்க வேண்டாம், தூக்கும்போது வெளியே விடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நேராக டம்பெல்லில் ஆரம்பிக்காதீர்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட, கை வைத்த, சக்கரமில்லாத ஒரு நாற்காலி போதும். உட்கார்ந்து எழுந்திருக்கட்டும், முதலில் கையை ஊன்றி, பிறகு ஊன்றாமல். உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்று சொல்வது அவர்களுக்கும் சேர்த்துத்தான். நாற்காலி சுலபமானதும் மடியில் 2 கிலோவைக் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்களே எடுத்துக் கொடுங்கள், அவர்களைக் குனிய விடாதீர்கள்.

அப்புறம், பழைய ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எதையாவது ஜன்னலோரம் வெயிலில் தொங்கவிட்டிருந்தால், இப்போதே போய் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.