அச்சுக்குப் போகும் முன் ஒரு டம்மி (வெறும் தாளில் மடித்த மாதிரிப் புத்தகம்) மடியுங்கள், தயவுசெய்து

புதுச்சேரியில் காமிக்ஸ் வரைவதும், மற்றவர்கள் வரைந்த பக்கங்களை அச்சுக்குத் தயார் செய்வதும் என் தொழில். அச்சாகி வந்த பிறகு "அண்ணா, இதை ஏதாவது சரிசெய்ய முடியுமா?" என்று புத்தகக் கட்டோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிளேட் போட்டு, மெஷினில் ஓடி, கட்டிங் முடிந்து, பின்னும் அடித்தாயிற்று. இனி நான் என்ன செய்ய முடியும்?

கடைசியாக வந்தவர் கடலூர்த் தம்பி. கிரகம் கிரகமாகப் பறக்கும் ஒரு பெண்தான் நாயகி. கோடு அருமை, வண்ணம் அதைவிட அருமை. கதையின் உச்சத்தில், நாயகி கப்பலிலிருந்து வெளியே பாய்ந்து எதிரிப் படையை எதிர்கொள்ளும் இரட்டைப் பக்கப் படம் ஒன்று. அதை 7, 8 என்ற பக்கங்களில் வைத்திருக்கிறார். கையில் கிடைக்கும் எந்தப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். 7 வலப்பக்கம் வரும், 8 அதே தாளின் பின்பக்கம். நாயகி தாளின் முன்னால் நிற்கிறாள், அவள் மோத வேண்டிய படை பின்னால் போய்விட்டது. கணினித் திரையில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கடன் வாங்கி அச்சடித்த புத்தகம் அது. எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்படி வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: படம் நன்றாக இருந்தால் கதை தானாகப் புரிந்துவிடும், வசனத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இதை எத்தனை முறை மறுத்தாலும் போக மாட்டேன் என்கிறது, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். பக்கத்தைப் பிரிக்கும் படக் கட்டங்களில் ஒன்றில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று வையுங்கள். நம் கண் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் போகும். அப்படியென்றால் முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். நீங்கள் வசனத்தை யோசிக்காமல் அவரை வலப்பக்கம் வரைந்துவிட்டால், பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வரும். இல்லையென்றால் வசனம் எழுதும் பலூனின் வால் அடுத்தவர் முகத்தைத் தாண்டிக்கொண்டு போகும். யார் எங்கே நிற்பது, தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது, கேமரா எவ்வளவு தள்ளி இருப்பது என்று எல்லாவற்றையும் வசனம்தான் முடிவு செய்கிறது. பென்சில் தொடும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். அழகான படங்களை வரிசையாக அடுக்கினால் கிடைப்பது ஆல்பம்.

விண்வெளிக் கதையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். தெருச் சண்டை என்றால் சாலையும் சுவரும் திசையைச் சொல்லிவிடும். விண்வெளியில் தரை கிடையாது, அடிவானம் கிடையாது, மேல் கீழ் கிடையாது. ஒரு கட்டத்தில் நாயகி வலப்பக்கம் பறக்கிறாள், அடுத்ததில் இடப்பக்கம். துரத்துகிறாளா, ஓடுகிறாளா? வாசகருக்குத் தெரியாது. ஒரு திசையைப் பிடித்தால் காட்சி முடியும்வரை அதை விடாதீர்கள். ஒரு கட்டத்திலாவது கிரகத்தையும் கப்பலையும் பெரிதாகக் காட்டி, நாயகியைப் பொடி உருவமாக வையுங்கள். அப்போதுதான் அந்த வெளியின் பிரம்மாண்டம் மனதில் ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் அவளையே நிரப்பி வைத்தால் விண்வெளி எங்கே இருக்கிறது?

நாயகிகளின் தோரணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் கட்டத்தில்கூட இடுப்பை வளைத்து, நெஞ்சை நிமிர்த்தி வரைகிறார்கள். கேட்டால் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றாலே அப்படித்தான் என்கிறார்கள். எல்லோரும் மாதிரியாக எடுத்துக்கொள்வது மார்வெல் காமிக்ஸின் நாயகி கேப்டன் மார்வெலை, அதாவது கேரல் டேன்வர்ஸை. அவருடைய வரலாற்றையே பாருங்களேன். கேரல் 1968-ல் அறிமுகமானபோது அமெரிக்க விமானப் படை அதிகாரி, சக்தி ஏதும் கிடையாது. 1977-ல் மிஸ் மார்வெல் ஆனார். பிறகு நீண்ட காலம் நீச்சலுடை போன்ற கறுப்பு உடை. 2012-ல் கேப்டன் மார்வெல் என்ற பெயரை ஏற்றபோது ஓவியர் ஜேமி மெக்கெல்வி வடிவமைத்த உடை, விமானிகளின் உடையைப் போல உடல் முழுவதையும் மூடியது. சிவப்பு, நீலம், பொன் நிறம், நெஞ்சில் நட்சத்திரம். இவர் விமானி என்பதை ஒரு வரி வசனமும் இல்லாமல் அந்த உடை சொல்லிவிடுகிறது. கறுப்பு வெளியில் விரல்நுனி அளவுக்கு வரைந்தாலும் யார் என்று தெரிகிறது. ஓவியம் கதை சொல்வது என்றால் இதுதான். நம் வாசகர்களுக்கும் பெண் நாயகி புதிதல்ல, 1984-ல் தமிழில் வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதைதான்.

சரி, எழுத்துக்கு வருவோம். தமிழுக்கு இடம் வேண்டும். "காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் பலூனின் ஒரு வரியைத் தின்றுவிடும். மேலே புள்ளியும் வளைவும், கீழே சுழியும் இருப்பதால் வரிகளை நெருக்கவும் முடியாது. இதில் கறுப்பு வானத்தின் மீது வெள்ளை எழுத்து வேறு. நான்கு வண்ண அச்சில் ஒரு வண்ணம் இம்மி நகர்ந்தாலும் புள்ளி அடைந்துவிடும், "க்" என்பது "க" ஆகிவிடும். வெள்ளை பலூன், கறுப்பு எழுத்து, அந்தக் கறுப்பும் கறுப்பு மை மட்டும். இதில் புதுமை வேண்டவே வேண்டாம்.

அச்சகத்துக்குப் போகும் முன் இதையாவது செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள், 32 பக்க டம்மி தயார். பக்க எண் போடுங்கள். குச்சி மனிதர்களை வைத்து முழுக் கதையையும் அதில் கிறுக்குங்கள், வசனத்தைக் கையால் எழுதுங்கள். இரட்டைப் பக்கப் படம் இரட்டைப்படை எண்ணில் தொடங்கட்டும். திடீர்த் திருப்பம் தாளைத் திருப்பியதும் வரட்டும், அதுவும் இரட்டைப்படைப் பக்கம்தான். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும், 30 என்று கொண்டுபோய் நிற்காதீர்கள். படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டுங்கள், எழுத்தை நன்றாக உள்ளே தள்ளுங்கள். ப்ரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரியை) போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், தாளில் எடுத்துப் பாருங்கள். முதலில் டிஜிட்டல் அச்சில் கொஞ்சம் பிரதிகள் போதும்.

கதை தெரியாத தங்கையிடமோ நண்பனிடமோ டம்மியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் எங்கே நின்று முந்தைய கட்டத்துக்குத் திரும்புகிறார்களோ, அந்தக் கட்டத்தை மாற்றுங்கள். இதற்கு ஆகும் செலவு எட்டுத் தாள். அதோடு என்னிடம் வாருங்கள், பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.