அரைமண்டியில் முட்டிக்கு என்ன வேலை?

பரதம் கற்கும் பிள்ளைகள் முட்டி வலி என்று பிசியோதெரபிக்கு வந்தால், “அரைமண்டி உட்கார்ந்து காட்டு” என்பதுதான் என் முதல் பேச்சு. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி இறங்கி நிற்கும் பரத நிலை அது. போன மாதம் வந்த 11 வயதுச் சிறுமி சட்டென்று உட்கார்ந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகுதான். பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. முட்டிச் சில்லுகளோ நேராக என்னைப் பார்த்தன. காலுறை மாட்டி, வழவழப்பான டைல்ஸ் மேல் அதையே செய்யச் சொன்னேன். பாதங்கள் தாமாக முன்பக்கம் வழுக்கி வந்துவிட்டன. அவ்வளவு திருப்பமும் தரையின் பிடிப்பில் நின்றதுதான்.

மண்டி என்றால் முழங்காலை மடக்குவது. மண்டியிடுகிறோமே, அதே மண்டி. குதிகால் மேல் இறங்கி உட்கார்ந்தால் முழுமண்டி, பாதியில் நின்றால் அரைமண்டி. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் சொல்லும் 10 மண்டலங்களில், அதாவது நிற்கும் நிலைகளில், ஆயதம் இதற்கு நெருக்கமானது. மோகினியாட்டத்தில் அரமண்டலம் என்கிறார்கள். அதனால் மண்டலம் தேய்ந்து மண்டியானது என்பாரும் உண்டு. எனக்கு மண்டியிடுதலே போதுமானதாகப் படுகிறது. ஒன்று மட்டும் சுவையானது: வில்லாளர் நிற்கும் நிலைகள் நான்கு என்பார்கள். பைசாசம், மண்டிலம், ஆலீடம், பிரத்தியாலீடம். கடைசி இரண்டும் அபிநய தர்ப்பணத்தின் 10 மண்டலப் பட்டியலிலும் இருக்கின்றன.

சரி, வலிக்கு வருவோம். ‘அரை’ என்றதும் எல்லோரும் எவ்வளவு இறங்குவது என்றுதான் பார்க்கிறார்கள். கவனிக்க வேண்டியது திருப்பத்தை. முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது. திரும்பும் வேலை இடுப்பு மூட்டுடையது. தமிழில் அரைக்கு இடுப்பு என்றும் பொருள் உண்டு. அரைஞாண் கயிறு அங்கேதானே கட்டுகிறோம்? அரைமண்டியின் அரை அதுவல்ல, ஆனாலும் பிள்ளைகளிடம் அந்த அரையைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

அந்தச் சிறுமிக்கு, முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக வரும் அளவுக்கே பாதத்தைத் திருப்பச் சொன்னேன். உட்காரும் ஆழமும் குறைந்தது. “டீச்சர் திட்டுவாங்களே?” என்றாள். டீச்சரையும் ஒருநாள் அழைத்து வரச் சொன்னேன். வந்தார். டைல்ஸ் மேல் காலுறையோடு அவரும் உட்கார்ந்து பார்த்தார். அவர் பாதங்களும் கொஞ்சம் வழுக்கின. சிரித்துவிட்டார். அப்புறம் தனக்கிருக்கும் முட்டி வலியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.