டொஸில் ஓடிய வன்தட்டு யுனிக்ஸில் ஏன் ஓடவில்லை?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கணினி திருத்தியவர்களுக்கு ஒரு வித்தை அத்துப்படி. புதிய சாட்டா வகை வன்தட்டில் எக்ஸ்பி ஏற மறுத்தால், கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய், வன்தட்டோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்றிருப்பதைப் பழைய முறையான ஐடிஈ என்று மாற்றுவார்கள். உடனே ஏறிவிடும். அந்த மாற்றம் செய்வது இவ்வளவுதான்: கணினியின் வன்தட்டு இணைப்பை, 1984இல் வந்த ஒரு கொன்ட்ரோலர் அட்டையைப் போல நடிக்கச் சொல்கிறது.

அன்றைய வன்தட்டுக்குத் தன் தலையை எங்கே நகர்த்துவது என்று சுயமாகத் தெரியாது. அதைக் கணினியில் செருகிய கொன்ட்ரோலர் அட்டைதான் சொல்லவேண்டும். ஐபிஎம் 1983இல் விற்ற எக்ஸ்டி கணினியில் ஒரு வகை அட்டை. அடுத்த ஆண்டு வந்த ஏடி கணினியில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தயாரித்த இன்னொரு வகை. முகவரியும் வேறு, கட்டளையும் வேறு. ஆனால் அன்றைய பிசிக்களின் இயங்குதளமான டொஸ் பாவித்தவருக்கு இது உறைக்கவே இல்லை. டொஸ் அட்டையோடு நேரே பேசுவதில்லை. கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மனு எழுதித் தருபவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நிற்பதைப் போல, பயாஸிடம் கேட்டுவிட்டுக் காத்து நிற்கும். எக்ஸ்டி வகை அட்டைகள் தமக்கான பயாஸைத் தம்மேலேயே ஒரு சிப்பில் கொண்டுவந்தன. ஆகவே எதைச் செருகினாலும் டொஸ் ஓடியது.

பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் இயங்குதளமான யுனிக்ஸுக்கு அந்தக் காத்திருப்பு ஒத்துவராது. தட்டின் தலை இடம் மாற 40, 80 மில்லிசெக்கன் ஆகும். அதற்குள் இன்னொருவருடைய வேலையைக் கவனிப்பதுதானே அதன் பிழைப்பு? தரவு தயாரானதும் அட்டை குறுக்கீடு ஒன்றை, அதாவது ‘வேலை முடிந்தது’ என்ற சைகையை, அனுப்பினால் போதும். அப்புறம் இன்னொரு தடை. இன்டெலின் 286, 386 சிப்களில் யுனிக்ஸ், நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காக்கும் பாதுகாப்புப் பாங்கில் ஓடியது. பயாஸோ பழைய 8086 பாங்குக்கு எழுதப்பட்டது. பயாஸை நேரே கூப்பிட வழியில்லை. அதனால் யுனிக்ஸின் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), அட்டையில் கட்டளைகளை எழுதும் சிறு இடங்களான பதிவகங்களைத் தானே தொட்டு வேலை வாங்கியது.

அப்படியானால் எந்த அட்டைக்கு டிரைவர் எழுதுவது? பெரும்பாலும் ஏடி அட்டைக்குத்தான்: பதினாறடிமான எண்களில் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை எட்டு முகவரிகள், 14ஆம் குறுக்கீடு. மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றத் தொடங்கின. தரவை இன்னும் நெருக்கி, தட்டின் தடமொன்றில் 17 துண்டுகளுக்குப் பதில் 26 எழுதிய ஆர்எல்எல் வகை அட்டைகூட, அந்த எட்டு முகவரிகளை மாற்றாதவரை யுனிக்ஸோடு ஒத்துப்போனது. மாறாக, எக்ஸ்டி வகை அட்டையை ஏடியில் செருகியவர் பாடுதான் திண்டாட்டம். டொஸில் எல்லாம் சரி, யுனிக்ஸுக்கு மட்டும் தட்டே தெரியாது. “டொஸில் ஓடுகிறதே” என்பது யுனிக்ஸுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பிறகு ஐடிஈ வந்தது. அட்டையின் மூளை வன்தட்டுக்குள்ளேயே குடிபுகுந்தது. முகவரிகள் மாறவில்லை, பழைய டிரைவர்களும் வீணாகவில்லை. 1991 ஆகஸ்ட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் யுனிக்ஸ் போன்ற லினக்ஸை அறிவித்தபோது, தன்னிடம் இருப்பது ஏடி வன்தட்டு மட்டுமே, வேறெதையும் இது ஆதரிக்கப்போவதில்லை போலும் என்று எழுதினார். அடுத்த ஆண்டே ஸ்கசி என்ற வேறு வகை வன்தட்டுகளுக்கான டிரைவர்கள் அதில் சேர்ந்துவிட்டன.