95 சதவீதம் தோண்டியாச்சு என்றால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்

போன வாரம் ஓய்வுபெற்ற ஒருவர் போன் செய்தார். எரிவாயுக் கிணறு ஒன்று ப்ளோஅவுட் ஆகி அடங்காமல் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் பங்கில் சேமிப்பில் பாதியைப் போட்டிருக்கிறார். "சார், ரிலீஃப் வெல் 95 சதவீதம் தோண்டியாச்சாமே, இன்னும் ரெண்டு நாள்தானே? விலை குறைவா இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வாங்கிடட்டுமா?"

இந்த வருடம் இதையே கேட்ட நான்காவது ஆள் அவர். பங்குச்சந்தை எனக்குத் தெரியாது. ஆனால் கிணறுகளை அடக்கும் வேலையில் இருப்பதால் அந்த 95 எதைச் சொல்கிறது என்று தெரியும். ரிலீஃப் வெல் என்பது, அடங்காத பழைய கிணற்றை ஆழத்தில் போய்த் தொட்டு அடக்குவதற்காகத் தள்ளி நின்று தோண்டும் இன்னொரு கிணறு.

அது ஆழத்தின் கணக்கு, நாட்களின் கணக்கு இல்லை. மேல் பகுதியை வேகமாகத் துளைத்து இறங்கிவிடலாம். கடைசிச் சில நூறு அடிகளில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. பூமிக்குள் அத்தனை ஆழத்தில் பழைய கிணற்றின் ஒரு சாண் அகலக் குழாயைத் தேடுகிறோம். கொஞ்சம் துளைத்ததும் நிறுத்தி, துளைப்பதற்காக நாங்கள் இறக்கிய குழாய் மொத்தத்தையும் மேலே உருவி எடுப்போம். அளவீட்டுக் கருவியை இறக்கி, பழைய கிணறு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். அப்புறம் குழாயை மறுபடி இறக்குவோம். தவறிவிட்டால் கொஞ்சம் மேலே வந்து வேறு பாதையில் போக வேண்டும்.

ஆஸ்திரேலியக் கடலில் மொன்டாரா கிணறு 2009 ஆகஸ்ட் 21 அன்று வெடித்தது. ரிலீஃப் வெல் அக்டோபர் தொடக்கத்திலேயே அருகில் போய்விட்டது. ஆனால் பழைய கிணற்றைத் தொட்டது நவம்பர் 1 அன்று, ஐந்தாவது முயற்சியில். அதே நாளில் மேடை தீப்பிடித்தது. கிணறு அடங்கியது நவம்பர் 3 அன்று. அக்டோபர் தொடக்கத்தில் "சதவீதம்" கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலிருந்து கனமான சேற்றுத் திரவத்தைச் செலுத்தும் டாப் கில் முயற்சியும் அப்படித்தான். 2010 மே கடைசியில் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த கிணற்றில் பிபி நிறுவனம் அதைத் தொடங்கியதும் பங்கு ஏறியது. மே 29 அன்று தோல்வி என்று அறிவித்தார்கள். அடுத்து லண்டன் சந்தை திறந்த ஜூன் 1 அன்று ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. கலிபோர்னியாவின் ஆலிசோ கேன்யனில் மேலிருந்து செய்த ஏழு முயற்சிகளும் தோற்றன. 2015 அக்டோபரில் தொடங்கிய கசிவை 2016 பிப்ரவரியில் ரிலீஃப் வெல்தான் நிறுத்தியது.

தீ அணைந்தது என்ற செய்தியைப் பார்த்தும் வாங்காதீர்கள். எரியாமல் வெளியேறும் வாயுதான் எங்களுக்குப் பெரிய பயம். அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 முதல் இரண்டு வாரம் வாயு எரியாமலே வந்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆகஸ்டில் கிணற்றின் வாயில் அடைப்பானைப் பொருத்தினார்கள், கிணறு முழுதாக அடங்கியதோ நவம்பர் 15 அன்றுதான்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? அந்தக் கிணற்றின் உரிமையில் நிறுவனத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள், செலவும் அதே விகிதத்தில்தான் வரும். கிணறு கட்டுப்பாட்டுக் காப்பீட்டின் உச்சவரம்பு என்ன, இழந்த உற்பத்திக்கும் அது பணம் தருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வேறு கிணறுகளிலிருந்து வருமானம் உண்டா என்பதையும் விசாரியுங்கள். கிணறு அடங்கிய பிறகும் வழக்குகள் நிற்காது. ஆலிசோ கேன்யன் மக்களுக்கு 180 கோடி டாலர் வரை தருவதாக உடன்பாடு வந்தது 2021-இல்.

முதலில் வந்த தேதியை நம்பவே நம்பாதீர்கள். அதைச் சொல்லும் எஞ்சினியரே அதை நம்புவதில்லை.

போன் செய்த பெரியவரிடம், இருப்பதை விற்பதா வேண்டாமா என்று நல்ல ஆலோசகரைக் கேளுங்கள் என்றேன். கிணறு செத்துவிட்டது, சிமென்ட் போட்டு அடைத்துவிட்டோம் என்று அறிவிப்பு வரும்வரை புதிதாக ஒரு பங்குகூட வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். யோசிக்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.