விக்கிப் படம் ஏன் நசுங்குகிறது?

கணினியில் ஒழுங்காகத் தெரிகிற முகம், அதே விக்கிப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால் பிடித்து இழுத்ததுபோல நீண்டுவிடுகிறது. உடனே பழி விழுவது படத்தைச் சிறிதாக்கும் நிரல்மீது. பெரும்பாலும் அது நிரபராதி.

விக்கித் தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் 4000×3000 பிக்சல் படம் ஒன்றை ஏற்றி, 400 பிக்சல் அகலம் போதும் என்று எழுதுகிறோம். சர்வரில் இருக்கும் இமேஜ்மேஜிக் போன்ற ஒரு நிரல் 400×300 அளவில் சிறுபடம் செய்துவிடும். 400×400 என்று கேட்டாலும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்குமே தவிர, இழுத்து நிரப்பாது.

சிக்கல் அப்புறம்தான். பக்கத்தின் எச்டிஎம்எல்லில், அதாவது பக்கம் எழுதப்படும் குறிமொழியில், அகலம் 400, உயரம் 300 என்று இரண்டு எண்களும் பதிவாகின்றன. கைபேசியில் கிடைக்கும் இடமோ 320 பிக்சல். படம் திரையைத் தாண்டிப் போகக் கூடாதே என்று, தோற்றத்தை வடிவமைத்தவர் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்ற விதிகளில்) 'மேக்ஸ்-விட்த் 100%', அதாவது இருக்கும் இடத்தைவிட அகலம் கூடாது, என்று ஒரு வரி போட்டிருப்பார். உலாவி சொன்னபடி அகலத்தை 320 ஆக்குகிறது. உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது 300-லேயே நிற்கிறது. வர வேண்டியது 240.

'ஹைட்: ஆட்டோ', அதாவது உயரத்தை நீயே கணக்கிட்டுக்கொள், என்று இன்னொரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். சிலர் எச்டிஎம்எல்லில் உள்ள உயரத்தையே தூக்கிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. 2019 கடைசியிலிருந்து குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் விகிதம் கணக்கிட்டு, படம் வருவதற்கு முன்பே இடம் ஒதுக்குகின்றன. எண் போனால், படம் வந்து சேரும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதிக்கும்.

இதைச் செய்தும் ஒரு படம் மட்டும் கோணலாக இருந்தால், அதன் பழைய பதிப்புகளைப் பாருங்கள். அகலப் படத்துக்குப் பதிலாக நெட்டைப் படத்தை அதே பெயரில் யாராவது ஏற்றியிருக்கலாம். பெயர் மாறாததால் உலாவி தன் கேஷில் (முன்பே இறக்கிச் சேமித்த பிரதிகளில்) உள்ள பழைய சிறுபடத்தை எடுத்துப் புதிய கட்டத்தில் திணிக்கும். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். விக்கி சேமித்துவைத்த பழைய பிரதியைத் தூக்கிவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்ல, பக்க முகவரியோடு 'ஆக்‌ஷன்=பர்ஜ்' சேர்த்துத் திறந்து, உலாவியின் கேஷையும் அழித்தால் தீரும். நிரலைத் தொட வேண்டியதில்லை.

கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் வேறு ரகம். பல கருவிகள் அதைக் கிடைமட்டமாகவே சேமித்து, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை எக்ஸிஃபில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் தகவல் பகுதியில், எழுதிவைக்கும். உலாவி அதைப் படித்து, விக்கி படிக்காவிட்டால் நெட்டைப் படம் குட்டைக் கட்டத்தில் நசுங்கும்.

விக்கி தெரிந்தே செய்யும் கோணலும் ஒன்று உண்டு. 1000×667 படத்தை 220 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 146.74 வருகிறது. அரைகுறைப் பிக்சல் கிடையாது என்பதால் 147. இமேஜ்மேஜிக் தன் கணக்கில் ஒரு பிக்சலை வெட்டிவிடாதபடி, அளவுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு அனுப்புகிறது மீடியாவிக்கி: விகிதத்தைப் பார்க்காதே, சொன்ன அளவே வேண்டும் என்று பொருள். அந்த 0.26 பிக்சல் இழுப்பு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.