பிளாக் டைம்: தமிழில் 'நிலைக்கு நிலை நேரம்'

மதுரையிலிருந்து துபாய்க்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் விடை மாறாது, நேர்த்தூரம் ஏறக்குறைய 2,950 கி.மீ. எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கணக்கு வரும். மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்துப் பார்த்தவர் 3 மணி 40 நிமிடம் என்பார், டிக்கெட்டைப் பார்த்தவர் நாலு மணிக்கு மேலே ஆகும் என்பார். டிக்கெட்டில் போட்டிருப்பது வெறும் பறக்கும் நேரம் இல்லை. அதற்குப் பெயர் பிளாக் டைம்.

பிளாக் என்றதும் அடைப்பு, தடை என்று நினைத்துவிடுகிறோம், 'தடுப்பு நேரம்' என்று மொழிபெயர்த்தால் தாமதம் என்றே படிப்பவருக்குத் தோன்றும். இங்கே பிளாக் என்பது நிற்கும் விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிற கட்டை. டச்சு மொழியின் பழைய வடிவத்தில் 'பிளாக்' என்றால் அடிமரம், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விமான நிலைய ஊழியர்கள் அந்தக் கட்டையைச் 'சாக்' என்பார்கள், இப்போது பெரும்பாலும் ரப்பரில் வருகிறது. கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை ஆகிற நேரம்தான் பிளாக் டைம். விமானிகளின் பறப்பு நேர வரம்பையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தில், மாசி வீதி முனையில் அத்தனை பெரிய தேரைத் திருப்ப, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையை லேசாகச் சரித்துக் கொடுத்தால் சக்கரம் அதை உரசிக்கொண்டே திரும்பும், தவறினால் ஆளுக்கே ஆபத்து. ஆனால் முட்டுக்கட்டை என்ற சொல் இன்று இடைஞ்சல் என்ற பொருளில் ஊறிப்போய்விட்டதால் 'முட்டுக்கட்டை நேரம்' ஒத்துவராது. தேர் கிளம்பி, திரும்ப வந்து நிற்கிற இடத்துக்கு 'நிலை' என்று பெயர் இருக்கிறதே, தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்றுதானே கேட்கிறோம்? 'நிலைக்கு நிலை நேரம்' என்பதுதான் சரியான சொல் என்பேன். ஆங்கிலத்திலும் 'பிளாக் டு பிளாக்' என்றுதான் முழுப்பெயர்.

ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கும் முன் வானத்தில் சுற்றுவது எல்லாம் இந்த நேரத்துக்குள் அடக்கம். காற்றும் சேரும். குளிர்காலத்தில் வட இந்தியா, அரேபியா பக்கம் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும் என்பதால், அந்தக் காற்றில் மாட்டினால் போகும்போது கூடுதலாகவும் வரும்போது குறைவாகவும் ஆகலாம்.

அப்புறம், டிக்கெட்டில் இருக்கும் மணி அந்தந்த ஊர் மணி. காலை 11:00 புறப்பாடு, பிற்பகல் 1:45 வருகை என்றிருந்தால் 2:45 என்று கழித்துவிடாதீர்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, அதையும் கூட்டினால் நிலைக்கு நிலை 4 மணி 15 நிமிடம். அங்கே வண்டியோடு காத்திருக்கும் அண்ணனுக்கு 1:45 என்று மட்டும் சொல்லாமல், குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஆகிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.